எனக்கு ஓட்டுப் போடாத அண்டைவீட்டாரோடு ஒரே மின்தூக்கியில்

கேள்வி: அம்மா, எனக்கு வயது 41. தளவாட நிறுவனம் ஒன்றில் கணக்காளராக இருக்கிறேன். 2025 மே 3ஆம் தேதி சிங்கப்பூரில் நடந்த பொதுத் தேர்தலில் முதன்முறையாக வேட்பாளராக நின்று தோற்றேன். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் வார இறுதிகளில் வீடு வீடாகப் போனேன். வேட்புமனுத் தாக்கலுக்குப் பிறகு கிடைத்த ஒன்பது நாளில் ஏறி இறங்காத புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) இல்லை. கதவைத் திறந்தவர்கள் சிரித்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழ் வீடுகளில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். “நீ நம் வீட்டுப் பிள்ளை, உனக்குப் போடாமல் யாருக்குப் போடுவோம்” என்றார்கள். ஆனால் என் புளோக்கில் இருப்பவர்கள் வாக்களித்த நிலையத்திலேயே எனக்கு மிகக் குறைவாக விழுந்திருந்தது என்று வாக்கு எண்ணும் இடத்திலிருந்து எங்கள் முகவர் சொன்னார்.

மின்தூக்கியில் யார் ஏறினாலும், “இவர் எனக்குப் போட்டிருப்பாரா?” என்றுதான் மனம் ஓடுகிறது. அதற்குப் பயந்து ஒன்பதாவது மாடிக்குப் படியேறிப் போகிறேன். என் கணவர் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி என்பதால் பிரசாரத்தில் ஒரு துண்டுப் பிரசுரம்கூட அவரால் கொடுக்க முடியவில்லை. இப்போது தேர்தலைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. கட்சியிலோ மறுபடியும் தொகுதி உலாவைத் தொடங்கச் சொல்கிறார்கள். மறுபடியும் நிற்கலாமா? அதற்கு முன், இந்த மனிதர்களை எப்படி முகம் பார்ப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் இதைவிட நான்கு மடங்கு நீளம். சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். கட்சியையும் தொகுதியையும் எடுத்துவிட்டேன். ஆலோசனைக்கு அவை தேவையில்லை. விடுபட்ட பகுதியிலிருந்து சிலவற்றைக் கீழே நானே எடுத்துப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கணக்காளர். ஆகவே கணக்கிலிருந்து தொடங்குவோம். “நம்மவர்களே கைவிட்டுவிட்டார்கள்” என்று கடிதத்தில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) குடியிருப்புகளில் 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் உள்ளது. இந்தியர்களும் பிற இனத்தவரும் சேர்ந்து ஒரு புளோக்கில் 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, அக்கம்பக்கம் முழுவதிலும் 12 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது 2010இலிருந்து இருக்கும் வரம்பு. நூறு வீடுகள் உள்ள புளோக் என்றால் பதினைந்து வீடு. அதிலும் மலையாளி உண்டு, பஞ்சாபி உண்டு, ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சாவளியினரான யுரேஷியர் உண்டு. தமிழ் வீட்டிலேயே உங்கள் கணவரைப் போன்ற நிரந்தரவாசிகள் உண்டு, அவர்களுக்கு வாக்கில்லை. மிச்சம் எத்தனை பேர் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அவர்கள் ஒருவர் விடாமல் உங்களுக்கே போட்டிருந்தாலும் உங்கள் தோல்வி வெற்றியாகியிருக்காது. ஒருவர் விடாமல் எதிராகப் போட்டிருந்தாலும் நீங்கள் தோற்றதற்கு அவர்கள் காரணம் ஆக முடியாது.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. பிரசாரத்தில் ஒவ்வொரு தளத்திலும் பெரும்பாலும் சீனர் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருப்பீர்கள். அங்கே கிடைத்த மறுப்புகளைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கோபமெல்லாம் காப்பி கொடுத்த அந்தச் சில வீடுகள் மேல்தான். எதிர்பார்ப்பு எங்கே இருந்ததோ அங்கேதான் வலிக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் அந்த வலிக்குத் தேர்தல் முடிவைச் சான்றாகக் காட்டாதீர்கள்.

முகவர் சொன்ன எண்ணும் அப்படித்தான். ஒரு வாக்களிப்பு நிலையத்துக்குப் பல புளோக்குகளிலிருந்து வாக்காளர்கள் வருகிறார்கள். அந்தப் பெட்டிகளைத் திறந்து எண்ணும்போது தெரிவது அத்தனை பேரின் மொத்தம் மட்டுமே. எட்டாவது மாடி அங்கிள் எதில் முத்திரையிட்டார் என்பது உங்கள் முகவருக்குத் தெரியாது, அதிகாரிக்கும் தெரியாது. எண்ணி முடித்த வாக்குச்சீட்டுகளை முத்திரையிட்டு உச்ச நீதிமன்றக் காப்பறையில் ஆறு மாதம் வைத்திருந்து பிறகு அழித்துவிடுகிறார்கள். வாக்குச்சீட்டில் வரிசை எண் இருக்கிறதே என்று பயப்படும் வாக்காளர்களுக்கு நீங்களே வாசலில் நின்று இதை விளக்கியிருப்பீர்கள். யார் எதற்குப் போட்டார் என்பதை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று ஊருக்கு உறுதி சொல்லிவிட்டு, இப்போது மின்தூக்கியில் ஒவ்வொரு முகமாக அதையே தேடிக்கொண்டிருக்கிறீர்கள். பிறர் மனத்தில் இருப்பது தனக்குத் தெரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம், மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் வருபவர்களிடம் ஆலோசகர்கள் முதலில் தேடிப் பார்ப்பவற்றில் ஒன்று.

இனி அந்தச் சிரிப்புக்கு வருவோம். கதவுக்கு உள்ளே இருப்பவரின் இடத்திலிருந்து ஒரு முறை பாருங்கள். சனிக்கிழமை மாலை ஏழு மணி. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. மணி அடிக்கிறது. கிரில் கேட்டுக்கு வெளியே ஒரே நிறச் சட்டையில் ஐந்து பேர். ஒருவர் கையில் கேமரா. நடுவில் வியர்த்து வழிந்தபடி நீங்கள், கை கூப்புகிறீர்கள். இந்த நிலையில் சிரிக்காமல் இருப்பவர் யார்? “உங்கள் கட்சியின் கொள்கையில் எனக்கு உடன்பாடில்லை” என்று நின்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? அடுத்த வாரம் எதிர் வேட்பாளர் வந்தபோதும் அதே சிரிப்பும் அதே காப்பியும் கிடைத்திருக்கும். இதைப் போலித்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசலுக்கு வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று வளர்ந்தவர்கள் அவர்கள். நீங்களும் அப்படித்தான் வளர்ந்திருப்பீர்கள்.

உங்கள் கடிதத்திலேயே இரண்டு காட்சிகள் இருக்கின்றன. ஒரு தமிழ் வீட்டில் அரை மணி நேரம். எந்த ஊர்ப் பூர்வீகம், பையன் என்ன படிக்கிறான், இவ்வளவு அலைந்தால் உடம்பு என்னாவது, வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். கிளம்பும்போது முறுக்குப் பொட்டலம். நீங்கள் அந்த வீட்டுக்கு நேராக ஒரு சரிக்குறி போட்டுக்கொண்டீர்கள். இன்னொன்று, மூன்று தளம் கீழே ஒரு சீனர். கேட்டைத் திறக்கவே இல்லை. பொருள் சேவை வரி 2024இல் 9 விழுக்காடு ஆனதைப் பற்றி உங்கள் கட்சி என்ன செய்யும், அந்த வருமானம் இல்லாவிட்டால் முதியோர் செலவுக்கு எங்கிருந்து பணம் வரும் என்று இருபது நிமிடம் விடாமல் கேட்டார். உங்கள் பதில் பாதி அவருக்குப் பிடிக்கவில்லை. பட்டியலில் அந்த வீட்டுக்குப் பெருக்கல் குறி.

இந்த இருவரில் உங்களை வேட்பாளராக நடத்தியவர் யார்? முதல் வீட்டில் உங்களை மகளாக நடத்தினார்கள். அது உண்மையான அன்பு, அதைச் சந்தேகப்படாதீர்கள். ஆனால் அங்கே உங்கள் கொள்கையைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. மகளுக்குக் கொடுத்ததை வேட்பாளரின் கணக்கில் வரவு வைத்தது நீங்கள்தான். வாதாடியவர் உங்களுக்கே போட்டிருக்கலாம், போடாமலும் இருந்திருக்கலாம். யோசித்துவிட்டுப் போட்டிருப்பார் என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம். (பிரசார உத்தி என் துறையல்ல. ஆனாலும் ஒரு தளத்தின் அரை மணி நேரத்தை முறுக்கு வீட்டிலேயே செலவழித்தால் மற்ற கதவுகளுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.)

காப்பிக்கடையில் ஒரு முதியவர், “ஒரு காப்பி வாங்கிக் கொடுக்கக்கூட மனமில்லை, இவள் எப்படி நமக்குச் செய்வாள்” என்று உரக்கச் சொன்னதை எழுதியிருந்தீர்கள். தேர்தல் நேரத்தில் வாக்காளருக்குச் சாப்பாடோ பானமோ வாங்கிக் கொடுத்தால் அது சட்டப்படி ஊழல் குற்றமாகலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வருகிறவருக்கெல்லாம் இலை போடும் குடும்பத்தில் பிறந்துவிட்டு, ஒரு வெள்ளி (டாலர்) சொச்சத்துக்குக் காப்பி வாங்கித் தர முடியாமல் கஞ்சப் பட்டம் வாங்கியது உங்களைக் குடைந்துகொண்டே இருக்கிறது. இதில் மட்டும் நான் உங்களோடு சேர்ந்து சிரித்துவிடுகிறேன். சரியாகத்தான் நடந்துகொண்டீர்கள். இப்போது தேர்தல் இல்லை. அவரைப் பார்த்தால் ஒரு காப்பி வாங்கிக் கொடுங்கள்.

மின்தூக்கிக்கு வருகிறேன். ஒன்பது மாடி ஏறுவது உடம்புக்கு நல்லதுதான். ஆனால் நீங்கள் ஏறுவது உடம்புக்காக அல்ல. அஞ்சுவதைத் தவிர்த்தால் அந்த நிமிடத்துக்கு நிம்மதி கிடைக்கும். “தவிர்த்ததால்தான் தப்பித்தேன்” என்று மனம் பாடம் படித்துக்கொள்ளும். அடுத்த முறை அச்சம் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். முதலில் மின்தூக்கி, பிறகு காப்பிக்கடை, பிறகு சந்தை என்று வட்டம் சுருங்கும். சந்தைக்குப் போகாமல் இணையத்தில் காய்கறி வாங்கத் தொடங்கிவிட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இதை முறிக்க வீரம் வேண்டாம், படிப்படியாகப் போனால் போதும். இந்த வாரம் ஆள் குறைவான நேரத்தில் மின்தூக்கியில் போங்கள். அடுத்த வாரம் வேலைக்குப் போகும் நேரத்தில், எல்லாரும் நெருக்கியடித்து நிற்கும்போது போங்கள். வெளியே வந்ததும், அஞ்சியது நடந்ததா என்று ஒரு வரி குறித்து வையுங்கள். யாராவது தேர்தலைப் பற்றிப் பேச்செடுத்தால் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். “அந்த நேரத்தில் கதவைத் திறந்து பேசினீர்கள், நன்றி” என்பது போதும். போட்டவருக்கும் பொருந்தும், போடாதவருக்கும் பொருந்தும், அதற்கு மேல் பேச்சை நீட்டவும் தேவையில்லை. “எனக்குத்தானே போட்டீர்கள்?” என்று விளையாட்டாகக்கூடக் கேட்டுவிடாதீர்கள். எதிரில் இருப்பவரைப் பொய் சொல்லவைக்கும் கேள்வி அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்களைக் கண்டதும் தொலைபேசியில் தலையைப் புதைத்துக்கொள்ளும் அந்த எட்டாவது மாடிக்காரர், குற்ற உணர்ச்சியில் அப்படிச் செய்வதாக முடிவு கட்டியிருக்கிறீர்கள். தோற்றவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமலும் இருக்கலாம். துக்க வீட்டில் வார்த்தை வராமல் நிற்பவர்களை நாம் எதிரிகளாக நினைப்பதில்லையே. “வைப்புத்தொகை 13,500 வெள்ளிதான் திரும்பி வந்துவிட்டதே, அப்புறம் என்ன?” என்று ஆறுதல் சொன்ன உறவினரைவிட, பேசாமல் நின்ற இவர் எவ்வளவோ மேல். எட்டில் ஒரு பங்கு வாக்கு வாங்கியதற்கான சான்று அது என்று நீங்கள் பொறுமையாகப் பதில் சொன்னீர்களாம். என்னால் அவ்வளவு பொறுமையாக இருந்திருக்க முடியாது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 23இலிருந்து மே 1 இரவு வரை தூக்கம் நான்கு மணி நேரம், சாப்பாடு நின்றபடி, இரவில் பிரசாரக் கூட்டம், காலையில் எம்ஆர்டி ரயில் நிலைய வாசல். மே 2, பிரசார ஓய்வு நாள். திடீரென்று எதுவும் செய்யக் கூடாது. ஒன்பது நாள் ஓட்டத்தின் களைப்பு அன்றுதான் வெளியே வந்தது. கையில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளிக்கிழமைதான் எல்லாவற்றிலும் கொடுமையானது என்று எழுதியிருக்கிறீர்கள். மறுநாள் நள்ளிரவு தாண்டி முடிவு. அதோடும் விடவில்லை. முடிவு அரசிதழில் வெளியான 31 நாளுக்குள் தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். கணக்காளர் என்பதால் அந்த வேலையும் உங்கள் தலையில் விழுந்தது. தோற்ற தேர்தலின் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் எடுத்து வைத்து, ஒலிபெருக்கி வாடகைச் சீட்டைப் பார்த்து அழுதிருக்கிறீர்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் அலுவலகம் திரும்பியிருக்கிறீர்கள். ஆண்டு விடுப்பு முழுவதும் பிரசாரத்தில் தீர்ந்துவிட்டதாம். துக்கப்பட நேரமே கொடுக்காத ஒரு இழப்பு இப்படித்தான் மாதக்கணக்கில் இழுக்கும்.

அதே சமயம், இழுவைக்கும் ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான நாள்களில் மனம் கனத்தே இருப்பது, முன்பு பிடித்தது எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்வதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன். பேச ஆள் வேண்டும் என்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் எந்த நேரமானாலும் 1767ஐ அழையுங்கள்.

உங்கள் கணவர். கடிதத்தில் அவருக்கு நான்கு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள், எனக்கு அவர்மேல்தான் கவலை அதிகம். குடியுரிமை இல்லாதவர் தேர்தல் பிரசார நடவடிக்கையில் ஈடுபடக்கூடாது என்பது சட்டம். தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கும் அதே தடை. ஆகவே உயர்நிலை மூன்றில் படிக்கும் உங்கள் மகனும் வர முடியவில்லை. ஊரில் தேர்தல் என்றால் தெருவே திரண்டு வருவதைப் பார்த்து வளர்ந்த தஞ்சாவூர்க்காரர், மனைவி நிற்கும் தேர்தலில் வீட்டுக்குள் இருந்து பிரசாரச் சட்டைகளைத் துவைத்து, ரசம் வைத்து, பையனைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். உங்கள் பக்கத்தில் கட்சித் தோழர்கள் இருந்தார்கள், தொண்டூழியர்கள் இருந்தார்கள். தோற்றபோது கட்டிப்பிடித்து அழ நான்கு பேர் இருந்தார்கள். அவருக்கு யார் இருந்தார்கள்?

ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலிருந்தும் நூறு வாக்குச்சீட்டை எடுத்து எண்ணும் மாதிரி வாக்கு எண்ணிக்கை, அன்று இரவு தொலைக்காட்சியில் வந்தது. அதைப் பார்த்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார், உங்களை அழைக்கலாமா வேண்டாமா என்று எவ்வளவு நேரம் யோசித்தார் என்று கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள். மறுபடி நிற்பதைப் பற்றி அந்தப் பேச்சில் எடுக்காதீர்கள். அனுமதி வாங்குவதற்காக அனுதாபம் காட்டுகிறீர்கள் என்று அவருக்குத் தோன்றிவிடும்.

கடைசியாக, நிற்கலாமா? எதிர்க்கட்சித் தலைவர் ஜே.பி. ஜெயரத்தினத்தின் கதையைக் கட்சிக் குழுவில் வாட்ஸ்அப்பில் அனுப்பியபடி இருக்கிறார்களாம். 1972இல் முதலில் போட்டியிட்டுத் தோற்று, பொதுத் தேர்தலிலும் இடைத்தேர்தலிலும் மறுபடி மறுபடி தோற்று, 1981 அக்டோபரில் ஆன்சன் இடைத்தேர்தலில்தான் வென்றார், உண்மை. இன்னோர் எதிர்க்கட்சித் தலைவரான சியாம் சீ தோங், பொத்தோங் பாசிர் தொகுதியில் 1979இலும் 1980இலும் தோற்று 1984இல் வென்றார், அதுவும் உண்மை. இவை வென்றவர்களின் கதைகள் என்பதால்தான் நமக்குத் தெரிகின்றன. இரண்டு, மூன்று முறை நின்று தோற்று, வேலையும் சேமிப்பும் போய், ஒதுங்கியவர்களின் கதையை யாரும் அனுப்புவதில்லை. நிற்கவேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அடுத்தவர் வெற்றியை வைத்து உங்கள் முடிவை எடுக்காதீர்கள் என்கிறேன். எண்ணிக்கையும் ஆறுதல் தராது. 2011இல் பொத்தோங் பாசிர் முடிவு 114 வாக்கு வித்தியாசத்தில் தீர்ந்தது. அப்படித் தோற்றிருந்தால் தவறவிட்ட 114 கதவுகளை இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு பக்கம் வேறு மாதிரி இருக்கிறது. பழைய புளோக்கில் கிரில் கம்பிக்குள்ளிருந்து உங்கள் விரல்களைப் பிடித்துக்கொண்டு, “சாப்பிட்டாயா?” என்று ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் கேட்ட பாட்டி. அவர் நீட்டிய கடிதத்தை உங்கள் தொண்டூழியர் படித்துச் சொல்ல, சக்கர நாற்காலியில் இருக்கும் மகனுக்கான மருத்துவ முன்பதிவை அவர் தவறவிட்டிருந்தது தெரிந்தது. அங்கேயே நின்று மருத்துவமனையை அழைத்து வேறு தேதி வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் ஓட்டு என்ற சொல்லே இல்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல், வேகமாக எழுதப்பட்ட பக்கமும் அதுதான்.

ஆகவே என் கருத்து இது. கட்சிக்கு இப்போது பதில் சொல்ல வேண்டாம். 2026 மே மாதம் கழிந்த பிறகு சொல்கிறேன் என்று தேதி குறித்துச் சொல்லிவிடுங்கள். அடுத்த பொதுத் தேர்தலுக்கு இன்னும் ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை விருப்பம் இருந்தால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கேமராவும் சரிக்குறிப் பட்டியலும் இல்லாமல், அந்தப் பாட்டியின் புளோக்குக்கு மட்டும் போய் வாருங்கள். திரும்பி வரும்போது களைப்போடு கொஞ்சம் மகிழ்ச்சியும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, “அடுத்த முறை ஜெயிப்பேனா?” என்பதல்ல. அதற்கு யாரிடமும் பதில் கிடையாது. “மறுபடியும் தோற்றால், இதே புளோக்கில், இதே மின்தூக்கியில், இவர்களோடு குடியிருக்க என்னால் முடியுமா?” என்று கேளுங்கள். முடியும் என்று கணவரும் நீங்களும் தனித்தனியாகச் சொன்னால் நில்லுங்கள். இருவரில் ஒருவர் தயங்கினாலும் தொண்டூழியராக இருங்கள், யாரும் குறைத்து மதிப்பிடப் போவதில்லை.

கடிதத்தின் ஓரத்தில், தொண்டை இன்னும் கரகரப்பாகவே இருக்கிறது, பனங்கற்கண்டு போட்டுப் பால் குடிக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். பேசிப் பேசிக் கட்டிய குரல் ஓய்வு கொடுத்தால் சில வாரங்களில் தெளிய வேண்டும். மாதக்கணக்கில் நீடிக்கும் கரகரப்புக்குக் கைவைத்தியம் போதாது. மருந்தகத்துக்குப் போகும்போது இதையும் சொல்லி, காது மூக்கு தொண்டை நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.